ஜேம்ஸ் பார்க்கின்சனின் ‘நடுக்குவாதம் பற்றிய கட்டுரை’: நோயறிதலில் பெயரின் பங்கு – ஒரு திறனாய்வு

முன்னுரை

நரம்பியல் நோய்கள் பலவற்றை இனங்காண்பதில் மருத்துவரின் கண்ணும் கையுமே முதற்கருவிகள். பார்க்கின்சன் நோய்க்கு இக்கூற்று இன்றும் பொருந்தும். இந்நோயைத் தனியொரு நோயாக வரையறுத்த நூல், இலண்டன் ஹாக்ஸ்டன் பகுதியின் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் வெளியிட்ட 66 பக்கச் சிறுநூலாகும். அதன் நிறைகுறைகளையும், அதிலிருந்து நிலைபெற்ற பெயர் நோயறிதலுக்கு எவ்வளவு துணைசெய்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலின் நிறை

பார்க்கின்சன் விவரிப்பவர்கள் அறுவர் மட்டுமே. அவர்களுள் இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவர் தொலைவிலிருந்து மட்டும் காணப்பெற்றவர். எனினும், தனித்தனியே கருதப்பட்டுவந்த கைநடுக்கத்தையும் முன்சாய்ந்து விரையும் நடையையும் ஒரே நோயின் கூறுகளாக அவர் இணைத்தார். உறுப்பு ஓய்ந்திருக்கும்போது தோன்றும் நடுக்கம் இந்நோய்க்குரியது என்று சுட்டினார். செயலின்போது மிகும் பிறவகை நடுக்கங்களிலிருந்து இதனைப் பிரித்தறிய இக்குறிப்பு இன்றும் உதவுகிறது.

நூலின் குறை

தசை விறைப்பு இந்நூலில் நோய்க்குறியாக இடம்பெறவில்லை. விறைப்பு கண்ணுக்குப் புலனாவதன்று. மூட்டை மடக்கி நீட்டிப் பார்க்கும் கைக்கே புலனாவது. பார்வையை மட்டும் நம்பிய முறையின் எல்லையை இது காட்டுகிறது. புலன்களும் அறிவும் பழுதுறுவதில்லை என்ற அவரது முடிவும் நிலைக்கவில்லை. மோப்பத்திறன் குறைதலும், நாள்பட்ட நிலையில் மறதிநோயும் இந்நோயுடன் தொடர்புடையவை என இன்று அறியப்பட்டுள்ளன. ஆனால், பிணக்கூறாய்வுச் சான்று தம்மிடம் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டமை அவரது ஆய்வு நேர்மைக்குச் சான்றாகும்.

பெயரும் பிழையும்

பாரிஸ் நகரின் சார்க்கோ, ‘நடுக்குவாதம்’ எனப் பொருள்படும் பெயரை மறுத்தார். எல்லா நோயாளருக்கும் நடுக்கம் இருப்பதில்லை; உண்மையான வலுவிழப்பும் இந்நோயின் இயல்பன்று என்பன அவர்தம் காரணங்கள். எனவே ‘பார்க்கின்சன் நோய்’ என்று அவர் வழங்கினார்.

இவ்விரு மறுப்புகளும் தமிழில் வழங்கும் ‘நடுக்குவாதம்’ என்னும் சொல்லுக்கும் அப்படியே பொருந்துகின்றன. முன்சொல் நடுக்கத்தைக் கட்டாயக் குறியாக்குகிறது. பின்சொல்லோ பக்கவாதம், முகவாதம், இளம்பிள்ளைவாதம் ஆகியவற்றின் வரிசையில் வைத்து, செயலிழப்பை நினைவூட்டுகிறது. 2015-இல் வெளியான பன்னாட்டு இயக்கக் கோளாறுகள் சங்க நெறிமுறையின்படி இன்றியமையாத குறி இயக்க மந்தமே. அதனுடன் ஓய்வுநிலை நடுக்கமோ விறைப்போ இருத்தல் போதும். நடுக்கமே இல்லாமலும் நோயை உறுதிசெய்யலாம் என்பது இதன் பொருள்.

முடிவுரை

கையெழுத்து சிறுத்தல், பொத்தானிடத் தாமதமாதல், நடக்கையில் ஒரு கை வீசாதிருத்தல் ஆகியன முதுமை எனக் கருதிக் கைவிடப்படுவதுண்டு. கைநடுக்கம் மட்டும் உடையவரோ வீணே அஞ்சுவதுண்டு. ‘நடுக்குவாதம்’ என்னும் பெயர் இவ்விரு பிழைகளுக்கும் இடந்தருகிறது. ஆதலின், தமிழ் மருத்துவ நூல்களும் கலைச்சொல் தொகுப்புகளும் ‘பார்க்கின்சன் நோய்’ என்பதையே தலைச்சொல்லாகக் கொண்டு, விளக்கத்தில் இயக்க மந்தத்தை முதலில் வைத்தல் வேண்டும். பார்க்கின்சனின் கூர்ந்த பார்வையைப் போற்றுவோர், அவர் நூலின் தலைப்பைக் கடந்து செல்லுதலும் தகும்.