தொலைக்காட்சித் தொடரும் பாடபேதமும்

ஏட்டிலிருந்த நூல் அச்சேறும்பொழுது பதிப்பாசிரியர் கைபடாமல் ஏறுவதில்லை. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தபொழுதும், உ. வே. சாமிநாதையர் 1894 ஆம் ஆண்டிற் புறநானூற்றை வெளியிட்டபொழுதும் இஃது உண்மையாகவே இருந்தது. ஆயினும் ஏடு சிதைந்து சொல் மறைந்துபோன இடங்களை ஐயர் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை, புள்ளியிட்டுக் காட்டினார். நிரப்பும் ஆற்றல் அவருக்கு இல்லாமற் போகவில்லை. பாடபேதங்களையும் ஒளியாது குறித்தார். இந்நெறியை அளவுகோலாகக் கொண்டு, பழைய தொலைக்காட்சித் தொடர்களை ஒளிநாடாவாகவும் இறுவட்டாகவும் வீடுகளுக்கு விற்போரது செயலை நோக்குதல் தகும்.

வாவிக்கரை ஊர்களுக்கு இவ்விடயம் முற்றிலும் புதியதன்று. மத்திய கிழக்கிலிருந்து மீண்டோர் கொண்டுவந்த ‘டெக்’கில், ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்த நாடாவைக் காத்தான்குடியிலும் அயலூர்களிலும் கூடியிருந்து பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. மூன்று மணி நேர நாடாவுள் அடங்கவேண்டுமென்று பாட்டுகள் வெட்டப்பட்ட படங்களை அத்தலைமுறை முழுப்படமென்றே நம்பிற்று. நாடாவின் உறையில் அதுபற்றி ஒரு சொல்லும் இராது.

வெட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகுந்த கேடு விளைத்தது இசையுரிமை. அமெரிக்காவில் 1978 முதல் 1982 வரை ஒளிபரப்பான ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ என்னும் நகைச்சுவைத் தொடரை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அது ஒரு வானொலி நிலையத்தின் கதை. அக்காலத்து இசைத்தட்டுகளே அதன் உயிர்நாடி. ஒளிபரப்புக்கெனப் பெற்ற உரிமை பிற்கால வீட்டு விற்பனைக்குச் செல்லாதாயிற்று. புதிதாக உரிமை பெறுதற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தமையால், 2007 இல் வெளிவந்த முதற்பருவ இறுவட்டிற் பல பாட்டுகள் நீக்கப்பட்டு, பெயர் தெரியாத வேற்றிசை புகுத்தப்பட்டது.

பாட்டை மாற்றினாற் பாட்டு மட்டும் மாறுவதாயின் பொறுத்துக்கொள்ளலாம். அத்தொடரின் ஒரு காட்சியில், பிங்க் ஃபிளாயிட் குழுவினரின் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்க, நிலைய முதல்வர் உள்ளே வந்து நாய் குரைப்பது கேட்கிறதே என்று வியக்கிறார். குரைப்பு பாட்டினுள்ளே இருப்பது. அவரது அறியாமையே நகை. பாட்டை நீக்கியவுடன் அவ்வினாவுக்குப் பொருளில்லை. ஆகவே உரையாடலும் உடன் போயிற்று. மறு ஒளிபரப்புப் பிரதிகளிற் பேச்சும் இசையும் ஒன்றாய்க் கலந்து பதிவான இடங்களிலே, நடிகரின் குரலைப் பிறர் போலியாகப் பேசி ஒட்டிய கொடுமையும் நிகழ்ந்ததுண்டு. இதனை இடைச்செருகல் என்னாது வேறென்ன என்பது? 2014 இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளுக்கு உரிமை பெற்று முழுத்தொடரையும் வெளியிட்டது. விலை கொடுக்க ஒருவர் முன்வந்தால் மூலம் மீளும் என்பதை அது காட்டிற்று.

நேரச் சுருக்கமும் ஒரு காரணம். மறு ஒளிபரப்பில் விளம்பரத்துக்கு இடந்தேடி நிமிடக்கணக்கில் நறுக்கிய பிரதியே சில வேளைகளில் வீட்டுக்கும் வந்தது. ‘ரோசான்’ தொடரின் முதற்பருவம் 2005 இல் இவ்வாறே இறுவட்டாயிற்று. இரண்டாம் பருவந்தொட்டே முழுப்பிரதி கிடைத்தது. இனி, அகன்ற திரைக்கு ஏற்பச் சட்டகத்தின் மேலும் கீழும் நறுக்குதல். ‘சைன்ஃபெல்ட்’ தொடர் 2021 இல் நெட்ஃபிளிக்ஸில் அவ்வாறு வந்தபொழுது, தெருவிலுள்ள குழியொன்றைப் பற்றிய கதையிலே அந்தக் குழியே படத்தின் எல்லைக்கு அப்பாற் போய்விட்டது. இதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

பழையதை மாற்றுவதே பிழையென்பார் உளர். அவர் கூற்று மட்டக்களப்பாருக்கு ஏலாது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய வடமோடிக் கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் சுருக்கிச் செம்மைப்படுத்தி, ‘கர்ணன் போர்’ என 1962 இற் பேராதனை மேடையில் ஏற்றினார். கூத்தின் மரபு குலைந்ததென்ற குறையும் அதனால் எழுந்தது. எனினும் அவர் தாம் செய்ததை மறைக்கவில்லை. சுருக்கமென்றே சொல்லிக் காட்டினார். ஊர்க்களரியில் அண்ணாவியாரின் கூத்தும் நின்றுபோகவில்லை. முழுமை வேண்டுவோர் அங்கே சென்று காணலாம். இறுவட்டின் நிலையோ வேறு. நறுக்கிய பிரதி கடைக்கு வந்தபின் நறுக்காத பிரதி நிறுவனத்தின் காப்பறையுள் அடங்கிவிடுகிறது. இதுவே முழுமையென்னும் பெயரோடு அதுவும் விற்கப்படுகிறது. ஆகவே ஈண்டுக் குற்றமாவது வெட்டன்று, வெட்டை மறைத்தலும் மூலத்தை மூடிவைத்தலுமே.

செம்மையாகச் செய்தோரும் இல்லாமலில்லை. 1966 முதல் 1969 வரை வெளியான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் விண்கலக் காட்சிகளை 2006 இற் கணினியாற் புதிதாக அமைத்தனர். பழைய மாதிரிக் கலத்தின் அழகு புதியதற்கு இல்லை என்பது ஒருபுறமிருக்க, 2009 இற் புளூரே வட்டாக வெளியிட்டபொழுது பழைய காட்சியையும் புதியதையும் ஒருங்கே வைத்து, வேண்டியதைத் தெரிந்து பார்க்க வழிசெய்தனர். மூலத்தையும் திருத்தத்தையும் அருகருகே வைக்கும் இம்முறை நம் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பிற் செய்ததே.

பாரத நாட்டில் 1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை தூரதர்சனில் 78 பகுதிகளாக வந்த இராமானந்த சாகரின் ‘இராமாயண்’ தொடர், கொள்ளைநோய்க் காலத்தில் 2020 மார்ச் 28 முதல் மீண்டும் காட்டப்பட்டது. காட்சிகள் வெட்டப்பட்டன என்று பார்வையாளர் சிலர் அப்பொழுது முறையிட்டனர். ஒப்புநோக்குவதற்கு அவர்கள் கையில் இருந்தவை முப்பதாண்டுக்கு முந்திய நினைவும், எப்பிரதியிலிருந்து எடுக்கப்பட்டதென்று குறிக்கப்படாத வட்டுகளுமே. கம்பராமாயணத்தில் ஒரு செய்யுள் மிகைப்பாடலா அன்றா என்று வழக்கிடுவோர் ஏட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். இராமாயணக் காட்சியொன்றைப் பற்றி வழக்கிட்ட இவர்களுக்கு எடுத்துப் பார்க்க ஏடு இருக்கவில்லை.