ஆஃப் பாயில் இங்கிலீஷ்

மாமல்லபுரத்தில் ஒரு சின்ன ரெஸ்டாரண்ட். காலை எட்டரை மணி. பக்கத்து மேஜையில் சிங்கப்பூர்ச் சீனத் தம்பதி. அந்த அம்மாள் 'ஹாஃப் பாயில்ட் எக், டூ' என்றார். சர்வர் பையன் 'யெஸ் மேடம்' என்று உற்சாகமாக ஓடிப்போய், ஐந்தே நிமிஷத்தில், மஞ்சள் கரு தளும்பத் தளும்ப, மிளகுத்தூள் தூவிய நம்மூர் ஆஃப் பாயில் இரண்டைக் கொண்டுவந்து வைத்தான்.

அம்மாள் கேட்டது அது இல்லை. ஓட்டோடு வெந்நீரில் போட்டு, பாதி வெந்ததும் எடுத்து, கிண்ணத்தில் உடைத்து ஊற்றி சோயா சாஸ் விட்டுக்கொள்கிற முட்டை. சிங்கப்பூரில் காயா டோஸ்ட்டோடு அதுதான் காலை டிபன். 'நோ, நோ, ஹாஃப் பாயில்ட்' என்றார். 'யெஸ் மேடம், ஆஃப் பாயில்' என்றான் பையன். இரண்டு பேர் பேசியதும் இங்கிலீஷ்தான். முட்டைதான் வேறு. சத்தம் கேட்டு வந்த முதலாளி, எல்லார் முன்னாலும் பையனைத் திட்டினார். முட்டைக் காசும் அவன் கணக்கில்.

கை கழுவப் போனபோது மெதுவாகச் சொன்னான்: 'எனக்கு இங்கிலீஷ் வரலீங்க ஸார். புக்கெல்லாம் வாங்கிப் படிக்கிறேன்.'

புத்தகத்தைக் காட்டினான். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. பீட்டர் ஸ்ட்ரட் எழுதி லாங்மன் 2003-ல் வெளியிட்ட 'இங்கிலீஷ் ஃபார் இன்டர்நேஷனல் டூரிசம்', இன்டர்மீடியட். ராத்திரி கடை மூடிய பிறகு பென்சிலில் அர்த்தம் எழுதியிருந்தான். இரவல் வாங்கி, அன்று மத்தியானம் முழுக்கப் புரட்டினேன்.

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுகிறேன். இலக்கணத்தைத் தனியாகக் காய்ச்சி ஊற்றாமல், டோர்லிங் கிண்டர்ஸ்லியின் வண்ணமயமான பயணக் கையேடுகளிலிருந்து நிஜப் பகுதிகளை எடுத்துப் போட்டுத் தொழிலோடு சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். 'ராமன் மாம்பழம் தின்றான்' வகையறா இல்லை. கபில்தேவ் விளம்பரத்தில் வந்து விற்ற ரேபிடெக்ஸ் காலத்திலிருந்து பார்த்தால் இது பெரிய தூரம்.

என் வழக்கு வேறு. இந்த மாதிரிப் புத்தகங்கள் உலகம் முழுமைக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை. ஸ்பானிஷ்காரன், தாய்லாந்துக்காரன், தமிழன் எல்லாருக்கும் ஒன்றுதான். நாம் எங்கே தடுக்கி விழுவோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நம் 'ங்க'. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க' என்றால் உபசாரம் முடிந்தது. அதே பையன் அதே மனசோடு இங்கிலீஷுக்குப் போகும்போது வால் அறுந்துவிடுகிறது. 'கம். ஸிட். ஈட்.' நாய்க்குச் சொல்வது மாதிரி இருக்கிறது. இவனும் ஏதோ குறைகிறதே என்று ஒரு 'ஸார்' சேர்க்கிறான். நம் காதில் 'ஸிட் ஸார்' என்றால் பவ்யம். அவர்கள் காதில் அது இன்னமும் உத்தரவு. அவர்கள் மரியாதையைக் கேள்வியாக்கித்தான் சொல்வார்கள்: 'வுட் யூ லைக் டு ஸிட் ஹியர்?' இந்த 'வுட்', 'குட்' எல்லாம் நம்முடைய 'ங்க'தான் என்று ஒரே ஒரு வரி தமிழில் சொல்லியிருந்தால் பையனுக்கு ஆறு மாதம் மிச்சம்.

இரண்டாவது, 'இல்லையா' கேள்வி. 'கடல் தெரியற ரூம் இல்லீங்களா?' என்று கேட்டால், இல்லாத பட்சத்தில் நாம் 'ஆமாங்க' என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று அர்த்தம். இங்கிலீஷில் 'டோன்ட் யூ ஹாவ் எ ஸீ வியூ ரூம்?' என்று கேட்டவரிடம் 'யெஸ்' என்றால் ரூம் இருக்கிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்புறம் ரிசப்ஷனில் ரகளை. பையன் பொய் சொன்னான் என்று பெயர். அவன் சொன்னது சத்தியமான தமிழ் 'ஆமாம்'.

மூன்றாவது, நாமாகவே சமைத்துக்கொண்ட இங்கிலீஷ். ஆஃப் பாயில், பார்சல், சாப்பாட்டுக் கடைக்கு ஹோட்டல். இவை நமக்குத் தமிழ் வார்த்தைகள். ஆனால் இங்கிலீஷ் வேஷத்தில் இருப்பதால் சந்தேகமே வராது. தெரியாத வார்த்தையை அகராதியில் பார்க்கலாம். தெரிந்த வார்த்தைதான் காலை வாரும்.

இதற்கெல்லாம் மேலே அளவுகோலிலேயே ஒரு கோணல். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஆறு படி ஏணியில் இன்டர்மீடியட் என்பது சுமாராக மூன்றாம் படி, பி1. அந்தப் படியின் அடையாளங்களில் ஒன்று என்ன தெரியுமா? அந்த மொழி பேசும் ஊரில் பயணம் போனால் வரக்கூடிய பெரும்பாலான நிலைமைகளைச் சமாளிக்க முடிய வேண்டும் என்பது. அதாவது விருந்தாளியை மனதில் வைத்துச் செய்த அளவு. நம் பையன் விருந்தாளி இல்லையே! பயணிக்குத் தன் தேவையைச் சொன்னால் போதும். இவன் அடுத்தவர் தேவையை, அவர் சொன்ன விதத்திலிருந்து ஊகிக்க வேண்டும்.

கைடுகளிடமும் இதைப் பார்க்கலாம். அர்ஜுனன் தபசு முன்னால் நின்று மனப்பாடமாக மூன்று நிமிஷம் பொழிவார்கள். நடுவில் யாராவது 'அந்தப் பூனை ஏன் பின்னங்காலில் நிற்கிறது?' என்று கேட்டால் ரயில் தடம் புரண்டு, மறுபடி பல்லவ ராஜாவிடமிருந்து புறப்படும். அந்தச் சிற்பம் அர்ஜுனன் தபசா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்ததா என்றே இரண்டு கட்சி உண்டு. 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள், சிலர் அப்படி, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்கத் தெரிந்தால் அதுதான் இன்டர்மீடியட். அதற்குப் பெரிய வொகாபுலரி வேண்டாம்.

ஆகவே, இங்கிலீஷ் தெரிந்த நல்ல தமிழாசிரியர் ஒருவரும், இருபது வருஷம் டேபிள் பார்த்த சர்வர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து நூறு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினால் புண்ணியம். முதல் பாடம் 'ங்க'. இரண்டாம் பாடம் 'ஆமாங்க'. மூன்றாம் பாடம் முட்டை.

மறுநாள் காலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதே தம்பதி வந்திருந்தார்கள். பையன் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றான்.

'எக், மேடம்? வித் ஷெல் ஆர் வித்தவுட் ஷெல்?'

அம்மாள் சிரித்துவிட்டார். 'வித் ஷெல்' என்றார். முட்டை சரியாக வந்தது. அந்தக் கேள்வி அவன் வாங்கிய புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.