யாழ் நூலும் புலமைச் செலவின் பொருளும்

புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலங் கடந்து செல்வோர், சிவானந்த வித்தியாலய வளவில் அமைந்த விபுலாநந்த அடிகளின் சமாதியை அறியாது போவதில்லை. ஆண்டுதோறும் ஆடித் திங்களிலே அங்கு மலர் சார்த்தப்பெறும்; யாழ் நூலின் பெருமை பேசப்பெறும். அப்பேச்சுக்கள் பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வன. தனி ஒரு துறவி, தம் தவத்தின் வலியால், மறைந்துபோன யாழை மீட்டுத் தந்தார் என்பதே அவற்றின் சாரம். இக்கூற்றுப் பொய்யன்று, ஆயினும் பாதி மெய்யேயாம். மறுபாதி, அந்நூலுக்குப் பின்னே நின்ற பொருளைப் பற்றியது. புலவர் அவைகளிற் பணத்தைப் பேசுதல் நயமன்று எனக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனாற்போலும் அப்பாதி எவராலும் ஆராயப்படாது கிடக்கின்றது.

யாழ் நூல் எங்கே பிறந்தது? காரைதீவிலே 1892-இல் தோன்றி, புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்றவர் அடிகள். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அப்பல்கலைக்கழகம் ஒரு செட்டிநாட்டு வள்ளலின் கொடையால் 1929-இல் எழுந்தது. பின்னர் அடிகள் இமயச் சாரலின் மாயாவதியிலே திங்களிதழ் ஒன்றன் ஆசிரியராயிருந்தார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். ஆராய்ச்சியின் ஒரு பகுதி கோனூர் ஜமீன்தார் சிதம்பரம் செட்டியாரின் ஆதரவில் நிகழ்ந்தது. அச்சேற்றியது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அரங்கேறியது 1947 யூன் மாதத்தில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில். ஆக, இருகரைக்கும் இடையே பன்முறை கடல் கடந்த ஒரு பேரறிஞரின் உழைப்புக்கு இரு பல்கலைக்கழகங்களும் ஒரு செல்வரும் ஒரு சங்கமும் ஒரு கோயிலும் தோள் கொடுத்தன.

இவற்றுள் பல்கலைக்கழகங்கள் கொடுத்தது பேராசிரியப் பதவியையே. ஆராய்ச்சிக்கென, செலவுக்கென, அச்சுக்கெனத் தனியே வேண்டிய பொருளிற் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. அடிகள் துறவியாதலின் மனைச் செலவு அவர்க்கு இல்லை. மனைவி மக்களையுடைய ஒரு விரிவுரையாளர், ஏறக்குறைய 14 ஆண்டு ஒரே பொருளைத் தொடர்ந்து ஊர் ஊராய்ச் செல்லுதல் கூடுமா? கூடாது. துறவைப் புகழும் மேடை, அறிந்தோ அறியாமலோ, நிதி வழங்க வேண்டிய நிறுவனத்தைக் கடமையினின்றும் விடுவித்து விடுகின்றது.

இப்பொருட்குறை நூலின் உள்ளீட்டோடும் தொடர்புடையது. யாழ் நூலின் ஆணிவேர் இரண்டு: சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரையும் ஒன்று, நரம்பின் நீளத்தை விகிதத்தால் அளக்கும் கணக்கு மற்றொன்று. நரம்பைப் பாதியாக்கினால் ஒலி மேற்றாயியிற் சென்று சேரும். மூன்றில் இரு பங்காக்கினால் ஐந்தாம் நரம்பாகிய இளி பிறக்கும். இம்முறையிலே வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றை அடிகள் விளக்கிச் செல்லும் திறம் வியக்கத்தக்கது. விஞ்ஞானப் பயிற்சியும் உரைப் பயிற்சியும் ஒருவரிடத்தே கூடினாலன்றி அது வாய்க்காது. எனினும் கணக்காற் பெற்ற அளவுகள் கருவிகளோடு ஒட்டிச் சோதிக்கப்படல் வேண்டும். வில்யாழுக்கு உறவான வளைந்த யாழொன்று பர்மாவிலே இன்றும் வாசிக்கப்படுகின்றது. ஊர் என்னும் சுமேரிய நகரத்துப் புதைகுழிகளில் எடுத்த யாழ்கள் பாக்தாத், இலண்டன், பிலடெல்பியா நகரங்களின் காட்சிச்சாலைகளில் உள்ளன. அமராவதிச் சிற்பங்களுட் பல இலண்டனிலேயே இருக்கின்றன. அரங்கேற்றம் நிகழ்ந்து இரு திங்கள் நிரம்புமுன், யூலை 19-ஆம் நாள், அடிகள் மறைந்தார். எஞ்சிய சோதனை பின்வந்தோர்க்கு உரியதாயிற்று. பின்வந்தோரை அக்கருவிகளிடம் அனுப்புதற்கு நிலையான நிதியொன்று இருந்திருப்பின், யாழ் நூல் போற்றப்படும் நூலாக மட்டும் நில்லாது, வாதிக்கப்படும் நூலாகவும் வளர்ந்திருக்கும். ஆராய்ச்சி நூலுக்கு வாதமே உயிர்.

நிதி உரிய இடத்திற் சென்றால் யாது விளையும் என்பதற்குத் தனிநாயகம் அடிகளின் பணி சான்று. 1679-இலே மலையாளக் கரையின் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்திலே பேணப்பட்டிருந்தது. ஈழத்தவராகிய அடிகள் அதனைப் பதிப்புக்கு அணியமாக்க, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வுத் துறை 1966-இல் வெளியிட்டது. நாடு நான்கு, நூல் ஒன்று. அதே ஆண்டில் கோலாலம்பூரிலே முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடும் கூடியது.

இரண்டாம் மாநாடு 1968 சனவரியிற் சென்னையில் நிகழ்ந்தபோதோ, கடற்கரையிற் சிலைகள் திறக்கப்பெற்றன. மக்கள் திரள் பெருகிற்று. விழா எடுத்தல் குற்றமன்று. ஆயினும் சிலைக்குக் கிடைக்கும் பொருள் சுவடிக்குக் கிடைப்பது அரிது. இவ்விருவகைச் செலவையும் ‘தமிழ் வளர்ச்சி’ என்னும் ஒரே தலைப்பிற் பதிவதனால் கணக்கு மயங்குகின்றது.

மட்டக்களப்புக்கு இன்று தன் பல்கலைக்கழகம் உண்டு. 1981-இற் கல்லூரியாகத் தொடங்கி 1986-இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அடிகளின் பெயர் தாங்கிய அழகியற் கற்கை நிறுவகம் கல்லடியில் இயங்குகின்றது. ஆதலின் நிதியை எவ்வாறு பகிர்தல் என்னும் வினா அயலார் வினாவன்று. நான்கு நாள் மாநாட்டுக்கு ஐவரை அனுப்புவதா, ஆறு திங்கள் ஒரு நூலகத்திலே இருத்துதற்கு ஒருவரை அனுப்புவதா எனின், பின்னதே பயனுடைத்து. முன்னது படம் எடுத்தற்கு நன்று.

பரிமாற்றம் என்பது செல்லுதல் மட்டுமன்று. வருதலும் அதன்கண் அடங்கும். வடமோடி, தென்மோடிக் கூத்தைக் கற்க வரும் அயல்நாட்டு ஆய்வாளர்க்கு வாவிக்கரை ஊர்களில் ஆசிரியராவார் அண்ணாவியாரே. வருபவர்க்கு விமானச் செலவும் விடுதிச் செலவும் நிதித் திட்டத்தில் இடம்பெறும். இரவிரவாக மத்தளம் பிடித்துத் தாளக்கட்டுச் சொல்லிக் கொடுப்பவர்க்கு ஒரு பொன்னாடை. அத்திட்டத்திலே ‘ஆசிரியர் வேதனம்’ என ஒரு வரி சேர்த்தல் எந்தப் பேரவைக்கும் அரிய செயலன்று.