திரைப்பட வசூல்: அறிவிப்பும் கணக்கும்

ஒரு திரைப்படம் திரையரங்குகளில் நுழைவுச்சீட்டு விற்பனை மூலம் ஈட்டும் தொகை வசூல் எனப்படும். தமிழ்நாட்டில் இது நடிகரின் செல்வாக்குக்கும் படத்தின் தரத்துக்கும் அளவுகோலாகப் பேசப்படுகிறது. ஆனால் அடுத்த படத்துக்குப் பணம் எங்கிருந்து வரும், நட்டம் யார் தலையில் விழும் என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் வசூல் உண்மையில் விடை சொல்கிறது. அந்தக் கணக்கு பொதுவெளியில் இல்லாதது தமிழ்த் திரைத்துறையின் பெருங்குறை.

மொத்த வசூலும் பங்கும்

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் பின்னலாடைத் தொழில் செய்வோர் இந்தக் கணக்கை எளிதில் புரிந்துகொள்வர். ஆர்டரின் மதிப்பு வேறு. நூல், சாயம், தையல் கூலி, வட்டி எல்லாம் போகக் கையில் நிற்பது வேறு. திரைப்படத்திலும் நுழைவுச்சீட்டு விலையிலிருந்து ஜிஎஸ்டியும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் முதலில் கழிகின்றன. மீதியைத் திரையரங்கமும் விநியோகஸ்தரும் ஒப்பந்தப்படி பிரித்துக்கொள்கின்றனர். விநியோகஸ்தர் பக்கம் வரும் தொகை 'ஷேர்' எனப்படும். விளம்பரங்களில் காணும் கோடிகள் பெரும்பாலும் மொத்த வசூலே. லாபமா நட்டமா என்பதை ஷேரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

விநியோகத்துக்காகத் தமிழ்நாடு பல ஏரியாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. திருப்பூர், கோவை ஏரியாவைச் சேர்ந்தது. மினிமம் கேரண்டி முறையில் விநியோகஸ்தர் ஒரு தொகையை முன்கூட்டியே தந்து படத்தை வாங்குகிறார். வரும் ஷேர் அத்தொகைக்குக் குறைந்தால் நட்டம் அவருடையது.

வசூல் வளர்த்த ஸ்டுடியோ

இதே கொங்கு வட்டாரத்தில், கோவையில் இயங்கிய பட்சிராஜா ஸ்டுடியோ ஒரு வெற்றிப்படம் நிறுவனத்துக்கு என்ன செய்யும் என்பதற்குச் சான்று. எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்து இயக்கிய 'மலைக்கள்ளன்' 1954இல் வெளியாகிப் பெரும் வெற்றி பெற்றது. அதே கதை தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் படமானது. திலீப்குமார் நடித்த இந்திப் படமான 'ஆசாத்' (1955) படத்தையும் நாயுடுவே இயக்கினார். ஓர் ஊரில் தொடங்கிய ஸ்டுடியோவுக்குப் பம்பாய் நட்சத்திரங்களை வைத்துப் படமெடுக்கும் தெம்பைத் தந்ததில் அந்த வெற்றிக்குப் பெரும் பங்கு உண்டு.

நட்டத்தைச் சுமப்பவர்

ரஜினிகாந்த் தயாரித்து நடித்த 'பாபா' 2002 ஆகஸ்டு 15 அன்று வெளியாகி எதிர்பார்த்தபடி ஓடவில்லை. விநியோகஸ்தர்களின் இழப்பை அவர் ஈடுசெய்தார். அது பெருந்தன்மையாகப் பாராட்டப்பட்டது. எனினும் ஒருவரது பெருந்தன்மையை நம்பி ஒரு தொழில் நடக்க முடியாது. 2014 டிசம்பரில் வெளியான 'லிங்கா' விஷயத்தில் இது வெளிப்பட்டது. 2015 ஜனவரியில் விநியோகஸ்தர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து இழப்பீடு கேட்டனர். எவ்வளவு வசூலானது, எவ்வளவு நட்டம் என்பதில் இரு தரப்புக்கும் ஒத்த கருத்து இல்லை. இரு தரப்பும் ஏற்கும் பொதுக் கணக்கு இருந்திருந்தால் அந்தச் சச்சரவு வீதிக்கு வர வேண்டியதில்லை.

தரமும் வசூலும்

2003 பொங்கலுக்கு வெளியான 'அன்பே சிவம்' திரையரங்குகளில் தோற்றது. பின்னர் தொலைக்காட்சி வழியாக மக்களிடம் சென்று, கமல்ஹாசனின் சிறந்த படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆகவே வசூல் ஒரு படத்தின் கலைமதிப்பைக் காட்டாது. ஆனால் இதைச் சொல்லி வசூலைப் புறக்கணிப்பதும் தவறு. பிற்காலத்துப் பாராட்டு அன்று படத்தை வாங்கியவரின் கடனை அடைக்காது. அத்தகைய படத்துக்குப் பணம் போட அடுத்தவர் தயங்குவார்; இழப்பு கலைக்கும் சேர்த்துத்தான்.

செய்ய வேண்டியது

தென்கொரியாவில் திரையரங்குகளின் நுழைவுச்சீட்டு விற்பனை கணினி வழியே ஒன்றுதிரட்டப்பட்டு, நாள்தோறும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. கேரளத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் 2025இல் படங்களின் செலவையும் திரையரங்கப் பங்கையும் மாதவாரியாக வெளியிடத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ரசிகர்கள் கோடிகளை வைத்துச் சண்டையிடுகின்றனர். அக்கோடிகளைச் சரிபார்க்க அவர்களுக்கு வழியில்லை. ஏரியாவாரியான ஷேர் விவரம் வெளிவந்தால் நடிகரின் சம்பளமும் படத்தின் விலையும் உண்மையான சந்தையை ஒட்டி அமையும். சிறிய படத்தை வாங்கும் விநியோகஸ்தருக்கும் தான் எதில் இறங்குகிறோம் என்பது முன்பே தெரியும்.