சில்வானஸுக்குக் கிடைத்த தண்டனை: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கதை விமர்சனம்

எரியும் நகரத்தில் 982 பேர் சிக்கியிருக்கிறார்கள். நமக்கு இருப்பது மூன்று நிமிடம். புகைக்குள் ஓடி ஓடி, கண்ணில் படுகிறவர்களை ஒவ்வொருவராகக் கிளிக் செய்து வெளியேற்ற வேண்டும். விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பெரும்பாலோர் உள்ளேயே மடிகிறார்கள். 2018-இல் ஹோர்ட் அணியின் தலைவி சில்வானஸ், அந்த நகரத்தைத் தாங்கி நின்ற டெல்ட்ராசில் பெருமரத்தைக் கொளுத்தியபோது எதிரணியான அலையன்ஸ் அணியினருக்குத் தரப்பட்ட பணி இது. ஒரு குற்றத்தின் கனத்தை இப்படி விளையாடுகிறவரின் கையிலேயே ஏற்றிவைத்த ஆன்லைன் கேம்கள் குறைவு.

இவ்வளவு பெரிய குற்றத்தைக் காட்டிய கதை அதற்கு நியாயமும் சொல்லியாக வேண்டும். இரண்டு பாத்திரங்களை வைத்து அதற்கு முயல்கிறார்கள்.

முதலாமவர் சார்ஃபாங். டெல்ட்ராசில் மீதான படையெடுப்புக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த, ஓர்க் இனத்தைச் சேர்ந்த முதிய ஹோர்ட் தளபதி. மரம் எரிந்ததும் மனம் உடைகிறார், சிறைப்படுகிறார், கலகத்தில் இறங்குகிறார். 2019-இல் ஹோர்ட் தலைநகரான ஓர்க்ரிமாரின் வாசலில் சில்வானஸைத் தனிச்சண்டைக்கு அழைத்து உயிரைக் கொடுக்கிறார். ஒவ்வொரு முடிவும் அவரே எடுத்தது. அதனால்தான் அந்தச் சாவு நம்மை உலுக்குகிறது.

இரண்டாமவர் சில்வானஸேதான். அவளுடைய கதை 2020-இல் வெளியான 'ஷேடோலேண்ட்ஸ்' விரிவாக்கத்தில் முடிகிறது. முன்கதையில் ஆர்தஸ் என்ற இளவரசன் அவளைக் கொன்றபோது பிளந்த ஆன்மா மறுபடி ஒன்று சேர்கிறது. அதன் பிறகே குற்றவுணர்வு வருகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. குற்றம் செய்தது பாதி ஆன்மா என்றால், திருந்தியது யார்? மனமாற்றத்தை மந்திரம் செய்துவிட்டால் பாத்திரத்துக்கு என்ன வேலை?

தீர்ப்பு மட்டும் அபாரம். அந்தத் தீயில் ஊரை இழந்த மக்களின் தலைவி டைராண்டேதான் தண்டனையை முடிவுசெய்கிறார். பழிவெறியில் அலைந்தவர், சில்வானஸின் உயிரைக் கேட்கவில்லை. பாதாளத்தில் சிக்கிய ஆன்மாக்களை ஒன்றுவிடாமல் தேடி மீட்கும்வரை அவளுக்கு விடுதலை இல்லை என்கிறார். நம்மால் மூன்று நிமிடத்தில் முடிக்க முடியாமல்போன வேலை கொளுத்தியவள் தலையிலேயே விழுகிறது. அவள் அதைச் செய்வதை ஒரு பணியாக நம்மை விளையாட வைத்திருந்தால் கதை முழுமை பெற்றிருக்கும். ஒரு காட்சியோடு முடித்துவிட்டார்கள்.

கேம் 20-ஆம் லெவல் வரை இலவசம், பிறகு மாதச் சந்தா. கதைக்காக வருகிறவர்கள் சார்ஃபாங் பகுதியை அவசியம் விளையாடுங்கள்.

சார்ஃபாங்: 9/10. சில்வானஸ்: 5/10. தீர்ப்பு: 8/10.