பிழையில்லாத ஆங்கிலத்தின் பிழை

ஈப்போ கடைத்தெருவில் வழங்கும் ஆங்கிலத்தைக் கேட்டு நகைப்போர் பலர். விளக்கை அணைக்க 'ஆஃப் த லைட்' என்கிறார்கள். விளக்கைப் போடவோ, சீன வழக்கைத் தழுவி 'ஓப்பன் த லைட்' என்கிறார்கள். உடன் வருவதற்கு 'ஃபாலோ'. ஓர் எழுத்தைக் குறிக்க 'ஆல்ஃபபெட்'. அலுவலகக் கடிதங்களிலோ, பதில் எழுதுக என்னும் பொருளில் 'ரிவர்ட்' படும் பாடு கொஞ்சமன்று. முன்னைய நிலைக்குத் திரும்புதல் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். பிழைகள்தாம்; ஆசிரியர்கள் சிவப்பு மையால் திருத்தட்டும். ஆனால் இவற்றால் எவர் குடியும் கெட்டதில்லை. 'ஓப்பன் த லைட்' என்றாலும் விளக்கு எரியத்தான் செய்கிறது.

இலக்கணம் வழுவாமல், அரசாங்க அறிக்கைகளிலும் துரைமார் வாயிலும் புழங்கிய சொற்களை ஆராய்வோர் நம்மிடையே குறைவு. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல், கிராமங்கள்மேல் குண்டு வீசுவதற்கு 'பாசிஃபிகேஷன்', அதாவது அமைதிப்படுத்தல், என்று பெயரிடும் அரசியல் ஆங்கிலத்தைச் சாடினார். எர்னஸ்ட் கவர்ஸ் என்பார், பிரிட்டிஷ் அதிகாரிகள் எளிய சொல்லில் எழுதவேண்டும் என்பதற்காகவே 1948இல் ஒரு நூல் வெளியிட்டார்.

அதே 1948இல்தான் நம் பேராக் மாநிலத்தில் 'எமர்ஜென்சி' என்ற சொல் வேலையைத் தொடங்கியது. ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து வந்த பிரகடனம், 1960 ஜூலை இறுதிவரை நீடித்தது. படைகள் இறங்கின, காட்டின்மேல் விமானங்கள் குண்டு வீசின. போர் என்று சொன்னால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்பதே போரென்று சொல்லாமைக்குக் காரணம் என வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். பன்னிரண்டு ஆண்டு நீடித்தது அவசரமா? நம் தமிழ் ஏடுகளும் யோசியாமல் 'அவசரகாலம்' என்றே எழுதின. சிதறிக் கிடந்த லயங்களைப் பெயர்த்து முள்வேலிக்குள் ஓரிடத்தில் சேர்த்தார்களே, அதற்கு 'ரீகுரூப்மெண்ட்' என்று பெயர். அலமாரியில் புத்தகங்களை மாற்றி அடுக்குவதுபோல் அல்லவா ஒலிக்கிறது!

அடுத்து வந்தது 'ஃபிராக்மெண்டேஷன்'. 1950களில் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, அங்கிருந்த தொழிலாளர் பலர் வேலையும் வீடும் இழந்தனர். 1951 முதல் 1960 வரை நடந்த இவ்விற்பனைகளைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்தார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஆங்கிலச் சொல்லைக் கேட்டால், கண்ணாடி தானே விழுந்து நொறுங்கியதுபோல் இருக்கிறது. இங்கே நம்மவர் 'துண்டாடல்' என்றனர். அதில் கத்தி தெரிகிறது. கத்தியைப் பிடித்த கையும் தெரிகிறது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிட நேர்மையாக அமைந்த அரிய இடம் இது.

ஆனால் 'ஸ்குவாட்டர்' விஷயத்தில் அந்த நேர்மை நமக்கு வாய்க்கவில்லை. உரிமையின்றிப் பிறர் நிலத்தில் குடியேறியவன் என்பதே அதன் பொருள். ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபின், அதாவது 'டெவலப்மெண்ட்' வந்தபின், பழைய லயத்திலேயே தங்கிவிட்ட குடும்பத்தையும் இச்சொல்லால் அழைக்கிறார்கள். அக்குடும்பம் எங்கே போய்க் குடியேறியது? பால்மரம் வெட்ட ஆள் வேண்டுமென்று நிர்வாகமே அந்த வீட்டில் குடிவைத்தது. வீடு நகரவில்லை, ஆளும் நகரவில்லை. நிலத்தின் பட்டாவில் பெயர் மட்டும் மாறியது. இதற்கு நாம் கண்ட தமிழ் 'புறம்போக்கு'. தீர்வை விதிக்காத நிலத்துக்குத் தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் இட்ட பெயர் அது, பேச்சில் வசைச்சொல்லும்கூட. மூன்று தலைமுறையாக மரம் வெட்டிய வீட்டாரை அப்படி எழுதுகிறோம், அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லாமல்.