தம்பிக்கு வந்த கடிதம்

தொட்டியத்தில் வாழை பயிரிடும் நண்பர் வீட்டுப் பரணில் பழைய ‘திராவிட நாடு’ இதழ்கள் கிடைத்தன. 1955 முதல் அண்ணா அதில் தம்பிக்கு எழுதிய கடிதங்களை இரண்டு பகல் உட்கார்ந்து படித்தேன். ஊரெல்லாம் படிக்க அச்சிட்டதை, தனக்கே வந்த தபால் என்று ஒவ்வொருவனையும் நினைக்க வைத்துவிடுகிறார். ‘தம்பி’ என்ற ஒரு விளிதான். கதை எழுதிப் பிழைக்கும் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

1956-ல் திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பதென முடிவு செய்த கட்சி, மறு ஆண்டே 15 இடங்களைப் பிடித்தது. அவற்றில் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில், குளித்தலை. அங்கே வென்ற கருணாநிதி பிற்பாடு ‘முரசொலி’யில் ‘உடன்பிறப்பே’ என்று எழுதியதும் இதே வழியில்தான்.

அடுக்குமொழி சில இடங்களில் விஷயத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது, போகட்டும். என்னை உறுத்துவது வேறு. கடிதமென்றால் பதில் உண்டல்லவா? இந்தத் தம்பியின் சந்தேகத்தையும் அண்ணனே எழுதிவிடுகிறார். நிஜமாகவே மறுத்துப் பேசிய ஈ.வெ.கி. சம்பத் 1961-ல் கட்சியை விட்டே வெளியேறினார்.

ஓர் இதழின் ஓரத்தில் நண்பரின் தகப்பனார் பென்சிலால் கிறுக்கியிருந்தார்: “அண்ணா, வாழைத்தார் விலையைப் பற்றி அடுத்த வாரமாவது?” அதை அவர் தபாலில் போடவில்லையாம்.